அளவுச் சாப்பாடும் முழுச் சாப்பாடும்

திண்டுக்கல்லில் நண்பகல் வேளையில் உணவு விடுதி ஒன்றிற்குள் நுழைந்தால் இருவகைச் சாப்பாட்டைக் காணலாம். ஒன்று அளவுச் சாப்பாடு. மற்றொன்று முழுச் சாப்பாடு. முழுச் சாப்பாட்டிற்குப் பணம் கட்டியவர் இலையை மடிக்கும்வரை சோறு வந்துகொண்டே இருக்கும். டொராண்டோவில் வாழும் நம்மவர்கள் குடும்பத்தோடு சென்று, தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்து, வேண்டுமட்டும் சுஷி உண்டு வருகிறார்களே, அதுவும் இம்முறையே. வினிகர் கலந்த சோற்றைச் சிறு பிடியாகப் பிடித்து அதன்மேல் மீன் துண்டம் வைத்துத் தரும் ஜப்பானியப் பண்டம் சுஷி. இரண்டிற்கும் அடிப்படை அரிசிதான். அந்த அரிசி கிடைக்காத காலத்தை இரு நாடுகளும் கண்டிருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானில் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. 1947-இல் உணவு விடுதிகளை மூடும்படி அரசு ஆணையிட்டது. டோக்கியோ சுஷிக் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தனர். "நாங்கள் உணவு விற்கவில்லை, வாடிக்கையாளர் கொண்டுவரும் அரிசியைக் கூலிக்குச் சமைத்துத் தருகிறோம்" என்று வாதாடி அனுமதி பெற்றனர். ஒரு 'கோ' அரிசி, அதாவது சுமார் 180 மில்லி லிட்டர், கொடுத்தால் பத்துச் சுஷி கிடைக்கும். நம் ஊரில் நெல்லைக் கொண்டுபோய் அரைவைக் கூலி கொடுத்து அரிசியாக்கி வருவதைப் போன்ற ஏற்பாடு. அளவுச் சாப்பாடு என்றால் இதுவல்லவா அளவுச் சாப்பாடு!

பதினோர் ஆண்டுகளில் காட்சி மாறியது. 1958-இல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல், ஸ்காண்டினேவிய விருந்து முறையைப் பின்பற்றி, விரும்பியதை விரும்பிய அளவு எடுத்துண்ணும் உணவகத்தைத் திறந்து அதற்கு 'வைக்கிங்' என்று பெயரிட்டது. இன்றும் ஜப்பானியர் இத்தகைய சாப்பாட்டை அப்பெயராலேயே அழைக்கின்றனர். அதே ஆண்டில் ஒசாகா பகுதியில் ஷிராயிஷி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் ஓடும் பட்டையைப் பார்த்து, சுஷித் தட்டுகளை ஓடும் பட்டையில் வலம்வரச் செய்தார். தட்டுக்கு இவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. எனினும் சாமானியக் குடும்பங்களுக்குச் சுஷி எட்டியது இதனால்தான்.

இனி நம் பக்கம் வருவோம். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. சென்னை மாகாணத்தில் பங்கீடு வந்தது. 1952-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது அரிசிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஆனால் தட்டுப்பாடு தீரவில்லை. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி வேண்டியபோது, திங்கட்கிழமை இரவுகளில் உணவு விடுதிகள் மூடப்பட்டன. 1967 தேர்தலில் அரிசி விலையே பெரும் பேச்சாயிற்று.

திண்டுக்கல் சமவெளிக்கு இது பொதுக்கதை மட்டுமன்று. அணைநீரும் குளத்துநீரும் பாயும் இடங்களில் நெல் உண்டு. மற்றவை பெரும்பாலும் மானாவாரி நிலங்கள். சோளமும் கம்பும் கேழ்வரகுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு பல வீடுகளில் பண்டிகைச் சோறு. சந்தைக்கோ கோர்ட்டுக்கோ நகருக்கு வந்த குடும்பம் முழுச் சாப்பாட்டிற்கு அமர்வது பெரிய நிகழ்ச்சி. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியாக உண்ணும் தாய் அன்று மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்தாள், அவளுக்கும் ஒருவர் "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டார். விடுதி வரலாற்றில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சோறு பெருகியதில் ஜப்பானுக்கும் பங்குண்டு. கோவையில் 1921-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 நெல்லையும் ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் கலந்து உருவானதே ஆடுதுறை 27. 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவை வயல்களில் இது வேகமாகப் பரவியது. ஐ.ஆர். 8 முதலிய குட்டை ரகங்களும் அதே காலத்தில் வந்து சேர்ந்தன.

சரி, அளவின்றிப் போட்டால் விடுதிக்காரர் நட்டப்பட மாட்டாரா? இரைப்பை விரியும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன, பசி அடங்குகிறது. குழந்தையும் முதியவரும் விட்டுவைப்பதை ஒரு வாலிபர் உண்டுவிடுகிறார். சராசரி பெரிதும் மாறுவதில்லை. ஆனால் ஒரே சுவையில் சலித்த நாக்கு புதுச் சுவை கண்டதும் மீண்டும் கேட்கும் என்பதை 1981-இல் பார்பரா ரோல்ஸ் குழுவினர் ஆராய்ந்து காட்டினர். சாம்பாரில் "போதும்" என்றவர் ரசம் வந்ததும் இலையில் குழி பறிப்பது இதனால்தான். அதற்குப் பிறகு மோர் வேறு! இத்தனைக்கும் விடுதிக்காரருக்குக் கைகொடுப்பது, சோறும் குழம்பும் விலை குறைந்தவை என்பதே.

அதே திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடையில் சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து புகழ்பெற்றன. பிரியாணி மட்டும் தட்டுக்கணக்கில்தான் விற்கிறது. கறியின் விலையைச் சராசரி தாங்காது.