பாய்லர் போர்வையும் கல்நாரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1856 ஜூலை 1-ஆம் தேதி நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களில் பாய்லருக்கு மேலே பளபளவென்று தகடு தெரியும். தகட்டுக்கு அடியில் இருந்தது வெறும் மரப்பலகை! பீப்பாய்க்கு அடுக்குவது போல வரிசையாகக் கட்டியிருப்பார்கள். பீப்பாய்ப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'லேக்' என்று பெயர். ஃபிட்டர்கள் இன்றும் சொல்கிற 'லேகிங்' அங்கிருந்து வந்ததுதான். மரத்தால் மூடிச் சூட்டைக் காக்கலாம் என்று ஜேம்ஸ் வாட் 1769-லேயே தன் காப்புரிமையில் எழுதிவிட்டார். சூடு நின்றால் நிலக்கரி மிச்சம்.

நீராவியின் சூடு கூடக் கூட மரம் தாங்கவில்லை. 1870-களில் கனடாவின் கியூபெக்கில் கல்நார்ச் சுரங்கங்கள் வந்தன. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார் என்று பெயர் வைத்தவர் யாரோ, அருமையான பெயர். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். கயிறு திரிக்கலாம், துணி நெய்யலாம், குழைத்துக் குழாய்மேல் பூசலாம், தீப்பிடிக்காது. கப்பல், லோகோ, மின்நிலையம் என்று உலகம் முழுக்கப் பரவியது. நம் எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியபோதும் உலகில் பாய்லர் வேலைக்கு அதுதான் சர்வசாதாரணம்.

அதற்குள் உண்மை தெரிந்துவிட்டது என்பதுதான் கொடுமை. 1924-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி இறந்தார். அவர் நுரையீரலில் கல்நார்த் துகள் இருந்தது. 1964-ல் நியூயார்க் டாக்டர் செலிகாஃப், லேகிங் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டினார். புதிதாகப் பூசும்போது ஈரம் இருக்கும். உடைந்த பழையதைப் பெயர்க்கும்போதுதான் புழுதி அதிகம்.

இதை இப்போது எழுதக் காரணம், திருவொற்றியூரில் இருக்கும் ஒரு மாணவனின் கேள்வி. மாடியில் உள்ள சோலார் வெந்நீர் டேங்கின் வெளித்தகடு உப்புக்காற்றில் ஓட்டை விழுந்து, உள்ளே ஃபோம் நனைந்துவிட்டது. தாத்தா பரணில் வைத்திருந்த வெள்ளைக் கயிற்றையும் துணியையும் சுற்றலாமா என்கிறான். வேண்டவே வேண்டாம், தம்பி! அதைப் பிரிக்காதே, உதறாதே, பெருக்காதே. லேசாகத் தண்ணீர் தெளித்து இரட்டைப் பையில் கட்டி ஒதுக்கி வை. டேங்கில் இருப்பது பியூஎஃப் ஃபோம், அதனால் பயமில்லை. ஆனால் நனைந்தது சூட்டைப் பிடிக்காது. ஈரமான பகுதியை வெட்டியெடுத்து, காயவிட்டு, புது ஃபோம் வைத்துத் தகட்டை மழை புகாமல் அடைக்கச் சொல்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1965-ல் லண்டனில் கல்நாரால் வரும் மீசோதீலியோமா புற்றுநோயாளிகள் 76 பேரை ஆராய்ந்தார்கள். 9 பேர் அந்த வேலைக்கே போகாதவர்கள், வேலைக்குப் போனவர்களின் வீட்டார். கணவரின் அழுக்குத் துணியைத் துவைத்த மனைவிமார்தான் அதில் அதிகம். இந்த நோய் தலைகாட்ட 20, 30, 40 வருடம்கூட ஆகும்.

பிரிட்டன் 1999-ல் முழுத்தடை போட்டது. இங்கே கல்நார் ஷீட்டின் கீழ்தான் பாதி வடசென்னை தூங்குகிறது. 1995-ல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அப்பா, தாத்தா பாய்லர் வேலையிலோ கப்பல் ரிப்பேரிலோ இருந்திருந்து, வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.