நம் பெண்மக்களும் தேகப் பயிற்சியும்

பருவமடைந்த பெண் சற்றே பருத்துவிட்டால் வீட்டார் கவலை கொள்கின்றனர். அவளது சோற்றைக் குறைக்கின்றனர். உறவினர் ஏளனம் பேசுகின்றனர். அப்பெண் நாள்தோறும் எவ்வளவு நேரம் ஓடியாட இடம் பெறுகிறாள் என்று கேட்பவர் எத்தனை பேர்?

பண்டைத் தமிழ்ப் பெண்கள் விளையாட்டறியாதவரல்லர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு ஆகிய நான்கும் அமைந்துள்ளன. கந்துகம் என்பது பந்து. வள்ளையோ உலக்கை பிடித்துக் குற்றும் மகளிரின் பாட்டு. மாணிக்கவாசகரும் அம்மானை, பூவல்லி, பொன்னூசல் என மகளிர் ஆடல்களையே தம் பாட்டுக்கு வடிவமாகக் கொண்டார். கும்மியில் குனிந்து நிமிர்ந்து, கைகொட்டி, வட்டமிட்டுச் சுழலும்போது மூச்சும் தசையும் ஒருங்கே உழைக்கின்றன. உடலை இளைக்கச் செய்யவென்று இவற்றை எவரும் வகுத்தாரல்லர். மகிழ்ச்சிக்காக ஆடினர், நலம் உடன் வந்தது.

அவ்வாட்டத்தை நிறுத்தியது எது? வழக்கமே! பெண் பூப்பெய்தியதும் தனியே ஒதுக்கி வைத்தனர், பின்னர் வாசற்படி தாண்டாதே என்றனர், விரைவில் மணமுடித்தனர். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியதற்கே மதம் அழிந்ததென்று வைதிகர் கூக்குரலிட்டனர். பூப்பின்போது உடலில் கொழுப்புச் சிறிது கூடுவது இயற்கை. அந்த வயதிலேயே கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு, பருத்தாள் என்று பழிப்பது எவ்வகை நியாயம்?

பெண்ணுடல் மென்மையானது, பயிற்சி தாங்காது என்போர்க்கு மலாயாவே மறுமொழி தந்தது. 1943-இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். டாக்டர் லட்சுமி சாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளமாய்ச் சேர்ந்தனர். சேலையை விட்டுக் காற்சட்டை அணிந்து, அணிவகுத்து நடந்து, துப்பாக்கி பயின்றனர். 18 வயதில் சேர்ந்த ஜானகி தேவர், 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசை நிறுவியோருள் ஒருவரானார். வாசற்படிக்குள் இருந்தபோதும் அதே உடல்தான். அணிவகுப்பில் நின்றபோதும் அதே உடல்தான். மாறியது வாய்ப்பு ஒன்றே.

5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்குப் பணம் வேண்டுவதில்லை. பினாங்கின் கடற்கரைத் திடல் நம் பெண்களுக்கும் உரியது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500-க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. பக்தையாயினும் பகுத்தறிவாளராயினும் ஏறும் கால் ஒன்றே. தோட்டத்து வாசலில் மாலைதோறும் பத்துப் பெண்கள் கூடிக் கும்மியடித்தால் யார் குடி கெட்டுவிடும்?

பெற்றோரே! மகளைத் தராசில் நிறுத்தி நாணச் செய்யாதீர், பட்டினி போடாதீர். கதவைத் திறந்துவிடுங்கள்.