சாவியும் ஓர் அமானிதமே

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவின் உள்ளறையில் பழைய மரப்பெட்டி ஒன்று உண்டு. முன்னோர் வக்ஃபு செய்த கிதாபுகள் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். அதில் தொங்குவது கனத்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தார் அதன் சாவியைக் காத்துவந்தனர். அக்குடும்பத்துப் பெரியவர் சென்ற ஆண்டு மவ்த்தானபின், அவருடைய மகளார் சாவியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தார். சாவி துளைக்குள் நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை.

ஜமாஅத்தில் சிலர், "பூட்டை உடையுங்கள். புதுப் பூட்டுப் போட்டுச் சாவியை வேறு பொறுப்பானவரிடம் கொடுத்துவிடலாம்" என்றனர். பூட்டைப் பராமரிக்காதவர்களுக்குச் சாவி எதற்கு என்பது அவர்களின் வாதம். அதைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற அந்தச் சகோதரியைக் கண்டபோது, மக்கா வெற்றி நாளின் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது.

கஅபாவின் சாவியைக் காக்கும் பொறுப்பு, இஸ்லாத்துக்கு முன்பிருந்தே குறைஷியரில் அப்துத்தார் குலத்தாரிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் மக்காவில் வாழ்ந்த காலத்தில் அச்சாவி உஸ்மான் இப்னு தல்ஹாவிடம் இருந்தது. ஹிஜ்ரத்துக்கு முன் ஒருநாள் நபியவர்கள் கஅபாவினுள் நுழைய விரும்பியபோது, அவர் கடுமையாகப் பேசித் தடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒருநாள் இச்சாவி தம் கைக்கு வரும், தாம் விரும்பியவரிடம் அதைக் கொடுக்கும் நிலை வரும் என்று நபியவர்கள் பொறுமையுடன் மறுமொழி கூறினார்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் (கி.பி. 630) அந்நாள் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே உஸ்மான் (ரலி) இஸ்லாத்தை ஏற்றிருந்தார். சாவியைக் கொண்டுவரப் பணிக்கப்பட்டபோது அவருடைய தாயார் தர மறுத்தார். உஸ்மான் (ரலி) வற்புறுத்திய பிறகே சாவி வந்தது. கதவு திறக்கப்பட்டது. உஸாமா (ரலி), பிலால் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோருடன் நபியவர்கள் உள்ளே சென்றார்கள்.

வெளியே வந்தபோது, ஹாஜிகளுக்கு நீர் புகட்டும் பணியோடு சாவிப் பொறுப்பையும் தமக்குத் தருமாறு நபியவர்களின் குடும்பத்தாரே கேட்டனர். கேட்டவர் அப்பாஸ் (ரலி) என்றும், அலீ (ரலி) என்றும் அறிவிப்புகள் உள்ளன. நபியவர்களோ உஸ்மானை அழைத்துச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க ஏவும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும் முஃபஸ்ஸிர்கள் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். பழைய கசப்பைத் தீர்த்துக்கொள்ள அன்று வாய்ப்பிருந்தது. ஆனால் அன்று பார்க்கப்பட்டது உரிமை மட்டுமே.

உஸ்மானுக்குப் பின் அப்பொறுப்பு அவருடைய உறவினர் ஷைபாவின் வழியில் வந்தது. இன்றளவும் பனூ ஷைபா குடும்பத்தாரே கஅபாவின் சாவியைக் காக்கின்றனர். 2024 ஜூன் மாதம் சாவிக்காப்பாளர் ஸாலிஹ் அஷ்ஷைபீ மறைந்தபோதும் சாவி அக்குடும்பத்திலேயே அடுத்தவருக்குச் சென்றது.

இங்கே கருதத்தக்க ஒன்று உண்டு. கஅபாவின் பூட்டுகள் பலமுறை மாறியுள்ளன. கலீஃபாக்களும் சுல்தான்களும் எழுத்துகள் பொறித்த பூட்டுகளையும் சாவிகளையும் செய்து அனுப்பினர். அவற்றுள் பல இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன. தேய்ந்த இரும்பு மாறியது. பொறுப்புக்குரிய குடும்பம் மாறவில்லை. பூட்டு பழுதாவது ஒன்று, அமானிதம் பறிக்கப்படுவது வேறொன்று.

இதை ஜமாஅத்தில் எடுத்துரைத்தோம். உடைப்பதைத் தள்ளிவைத்து, பூட்டுப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் சாவியை வலிந்து திருப்பக்கூடாது என்றார். திருப்பினால் சாவி உள்ளேயே முறியும். பல ஆண்டுகளாக யாரோ ஊற்றிவந்த தேங்காயெண்ணெய் தூசியோடு கலந்து பிசினாக இறுகி, உள்ளிருக்கும் தகடுகளை ஒட்டவைத்திருந்தது. தூசியை ஊதி அகற்றி, துளையில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தார். மறுநாள் மரக்கட்டையால் பூட்டின் உடலை மெதுவாகத் தட்டியபடி, சாவியை இம்மியளவு இடமும் வலமுமாக அசைத்தார். அரைமணி நேரத்தில் பூட்டு திறந்தது. பின்பு உள்ளே துடைத்து உலர்த்தி, பென்சில் கரியைப் பொடித்துத் தூவினார். அது தூசியை ஈர்க்காது என்றார்.

பெட்டியில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடியில் இருந்த நான்கைக் கரையான் அரித்திருந்தது. ஏடுகள் தொட்டதும் உதிர்ந்தன. அப்போது அந்தச் சகோதரி மெல்லச் சொன்னார்: "வாப்பா சாவியைப் பத்திரமாத்தான் வச்சிருந்தாங்க. தொறந்து பார்க்கத்தான் யாரும் கேட்கல, ஹஜ்ரத்."

அச்சொல் நம்மைச் சுட்டது. சாவியைக் காப்பது அவர்கள் கடமையாக இருந்தது. கிதாபுகளைத் திறந்து ஓதுவது நம் கடமையாக இருந்தது. அவர்கள் தம் கடமையை நிறைவேற்றினார்கள். தவறியவர்கள் ஓதத் தெரிந்த நாமே. பூட்டு இறுகியதற்கும் அதுவே காரணம்.

சாவி மீண்டும் அந்தக் குடும்பத்திடமே ஒப்படைக்கப்பட்டது. மாதம் ஒருமுறை அச்சகோதரியின் மகன் வந்து பெட்டியைத் திறக்கிறான். மாணவர்கள் கிதாபுகளை எடுத்துத் தூசி தட்டி, ஒரு பாடம் ஓதிவிட்டு வைக்கின்றனர்.

உங்கள் வீடுகளிலும் மூத்தோர் விட்டுச்சென்ற திறவாத பெட்டிகள் இருக்கலாம். உடைக்குமுன் உரியவரைக் கேளுங்கள். பூட்டு இறுகுமுன் திறந்து பாருங்கள். அமானிதங்களைப் பேணி, அவற்றின் பயனையும் பெறும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.