முகமும் பெயரும்: சென்னையின் சில நினைவுச் சின்னங்கள்

மறைந்தவர்களை மறவாமல் இருக்க மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று உருவம், மற்றொன்று பெயர். தமிழர் வாழ்வில் இவ்விரண்டும் எப்போதும் இணைந்தே நடந்தன என்று சொல்வதற்கில்லை. நெடுங்காலம் பெயர் மிஞ்சியது, முகம் மறைந்தது. புகைப்படக் கருவி வந்தபின் முகம் மிஞ்சத் தொடங்கியது. பெயர் மறையத் தொடங்கியது. இம்மாற்றத்தைச் சென்னையின் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலுள்ள சில சான்றுகளின் வழியே காண முயல்வோம்.

முதலில் நடுகல்லைப் பற்றி ஒரு சொல். போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கண்ணகிக்குக் கல் எடுத்த செய்தியைக் கூறும் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் பலவும் இந்நிலைகளின் பெயர்களையே தாங்கி நிற்பதை வாசகர் அறிவர். நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்டதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இதற்கு நேர்ச்சான்றாயின. அவற்றில் வீரனின் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் கிடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவன் முகம் எப்படியிருந்தது என்பதை அறிய வழியே இல்லை.

வீரனுக்குக் கல் உண்டு. வீட்டில் இறந்த ஒரு பெண் குழந்தைக்கு? இக்கேள்விக்கு மயிலாப்பூர் ஒரு விடை வைத்திருக்கிறது.

மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை. திருஞானசம்பந்தருக்கே அவளை மணம் செய்விப்பது என்று தந்தை உறுதி பூண்டிருந்தார். மலர் கொய்யச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறந்தாள். தகனம் முடிந்தபின் சிவநேசர் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, அக்குடத்துக்குப் பட்டும் அணிகலனும் பூட்டி, மலர் சூட்டி, அமளியில் வைத்துப் பேணினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் மயிலைக்கு வந்து பதிகம் பாட, குடம் உடைந்து அவள் எழுந்தாள் என்பது புராணத்தின் முடிவு. பக்தர்கள் அந்த அற்புதத்தில் தங்குவர். நம் கவனம் அதற்கு முந்தைய நாள்களில் நிற்கிறது. மகளின் முகம் இல்லாத குடம் ஒன்றை மகளாகவே அலங்கரித்த தந்தையை எண்ணிப் பார்க்கிறோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தின் நெற்றியில் குங்குமம் இட்டு, மாலை சாத்தி, பண்டிகை நாளில் புதுத்துணி வைத்துப் படைக்கும் இன்றைய வழக்கத்துக்கும் அச்செயலுக்கும் அதிகத் தொலைவில்லை.

அந்தப் பதிகமோ வரலாற்றாளருக்குக் கிடைத்த புதையல். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம் எனத் திருமயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைப் பாராமல் போகலாமா என்று பூம்பாவையை நோக்கிக் கேட்கும் முறையில் சம்பந்தர் அதைப் பாடியிருக்கிறார். இறந்த பெண் ஒருத்தியை அழைக்கும் பாட்டே ஏழாம் நூற்றாண்டு மயிலையின் விழாப் பட்டியலாக நமக்குப் பயன்படுகிறது. கடற்கரையை ஒட்டி இருந்ததாகக் கருதப்படும் பழைய கபாலீசுவரம் இன்றில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் பின் எழுந்த கோயிலைத்தான் நாம் இப்போது வணங்குகிறோம். கல்லால் ஆன கோயில் இடம் மாறியது, பெயர் மாறவில்லை. பதிகத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்துச் சேக்கிழார் கதையை விரித்துரைத்தார். இன்றும் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு.

நிற்க. பெயரைக் காக்கும் ஏற்பாடு சாதாரணக் குடும்பங்களிலும் இருந்தது. அமாவாசையன்று மயிலைத் தெப்பக்குளக் கரையிலும் கடற்கரையிலும் எள்ளும் நீரும் இறைப்பவர்கள் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறார்கள். தாய் வழியிலும் அவ்வாறே. நான்காம் தலைமுறைக்குப் போகும்போது மேலே ஒரு பெயர் விடுபடுகிறது. ஆக மூன்று தலைமுறை என்பது நம் குடும்ப நினைவின் எல்லையாக இருந்தது. அந்த எல்லைக்குள் பெயர் தவறாமல் வாயால் சொல்லப்பட்டது. முகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வழியும் இல்லை.

வழி, சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் புகைப்படக் கலையையும் கற்பித்தது. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் இருபத்தோரு படங்களாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக ஒட்டியது தனிச்சிறப்புடையது. தமிழ்நாட்டில் புகைப்படக் கருவியின் முதல் பெருஞ்செயல்களுள் ஒன்று, எழுத்தைப் படம் பிடித்ததே!

ஆனால் வீடுகளுக்குள் நுழைந்த புகைப்படம் எழுத்தைக் கைவிட்டது. வீலி அண்ட் க்ளைன், ஜி.கே.வேல் போன்ற பெரிய ஸ்டுடியோக்களும், ஊர்தோறும் தோன்றிய சிறு ஸ்டுடியோக்களும் தமிழ்க் குடும்பத்தின் முக்கிய நாள்களுக்குச் சாட்சிகளாயின. பெண் பெரியவளானால் பூத்தைத்த சடை தெரியும்படி பின்னால் கண்ணாடி வைத்து ஒரு படம். கல்யாணம் ஆனதும் தம்பதியாக ஒரு படம். முதியவர் இறந்தால், உயிரோடிருந்தபோது படம் எடுக்காத குறையைத் தீர்க்க, நாற்காலியில் அமர்த்தி மாலையிட்டுச் சுற்றிலும் உறவினர் நிற்க ஒரு படம். அவ்வாறு எடுத்த படம் பெரிதாக்கப்பட்டு, சில வேளைகளில் வண்ணம் தீட்டப்பட்டு, சுவரில் ஏறியது. தென்புலத்தார் திசை என்பதால் தெற்குச் சுவர் அதற்குரிய இடமாக அமைந்தது. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாகச் சொன்ன தென்புலத்தார் ஓம்பல் இப்படி ஒரு புது வடிவம் கொண்டது.

அந்த அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டுடியோவின் பெயர் அழகிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அமர்ந்திருப்பவரின் பெயர் பெரும்பாலும் இராது. எழுத வேண்டிய தேவை அன்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் எல்லோருக்கும்தான் தெரியுமே! தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் படத்துக்குள் போய்ச் சேரும்வரை அந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

நம் வகுப்பில் ஒருமுறை, வீட்டிலுள்ள மிகப் பழைய குடும்பப் படத்தைப் பார்த்து அதிலிருப்போரின் பெயர்களை எழுதி வருமாறு மாணவர்களைக் கேட்டோம். ஆண்களின் பெயர்கள் ஓரளவு வந்தன. பெண்களின் இடத்தில் "தாத்தாவின் அம்மா", "பெரிய பாட்டி", "காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவர்" என்று உறவும் ஊரும் மட்டுமே வந்தன. ஒரு மாணவி, படத்தில் மடியில் குழந்தையோடு இருந்த பெண்ணைக் குறிக்க வெறும் கோடு ஒன்று போட்டு வைத்திருந்தார். வீட்டில் கேட்டீர்களா என்றோம். "கேட்டேன் ஐயா, குழந்தை எங்கள் தாத்தா என்று எல்லோருக்கும் தெரிகிறது, அவர் அம்மா பெயர் யாருக்கும் தெரியவில்லை" என்றார். மூன்று தலைமுறைக்குள்ளேயே அது நிகழ்ந்துவிட்டது.

மயிலையிலும் மாம்பலத்திலும் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது தெற்குச் சுவர்கள் பல இல்லாமலே போயின. பெயர் தெரியாத படத்தைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்ல யாருக்கு மனம் வரும்? அது பழைய பொருள் கடைக்குச் செல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் விலை படத்துக்கு இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை 2010களில் தேடி எண்ணிம வடிவில் பதிவு செய்தது. மிக அரிய பணி. எனினும் பெயரில்லாமல் வந்து சேரும் முகத்துக்குப் பெயர் தேடித் தர எந்தக் கருவியாலும் இயலாது.

பெயரும் முகமும் சேர்ந்தே பிழைத்த ஒரு நிகழ்வையும் பார்ப்போம். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பர். அவருடைய புகைப்படங்களாக இன்று நமக்குக் கிடைப்பவை ஐந்தே. நாம் சுவர்களில் காணும் முண்டாசு பாரதி பெரும்பாலும் ஆர்யா எனப்பட்ட ஓவியர் பாஷ்யத்தின் தூரிகை வழி வந்தவர். உண்மைப் படங்களில் இருப்பவரோ மெலிந்தவர். செல்லம்மாவோடும், குடும்பத்தாரும் நண்பர்களும் சூழவும் நிற்பவர். அவை ஆவணமாக நிலைபெற்றதற்கு ரா.அ.பத்மநாபன் என்ற ஒருவரின் உழைப்பே தலையாய காரணம். எடுத்த இடம் எது, உடனிருப்பவர் யார், ஆண்டு என்ன என்று பாரதியை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு, 1957இல் சித்திர பாரதியை அவர் வெளியிட்டார். சில பத்தாண்டுகள் தாமதித்திருந்தால் படங்கள் கிடைத்திருக்கலாம், விடைகள் கிடைத்திரா.

அதே திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் தம் வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். கும்பகோணம் கல்லூரியில் தமக்குத் தம் பணியிடத்தையே பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரிடம் கொண்ட நன்றியின் அடையாளம் அது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கோ இரண்டு பாகங்களில் சரித்திரம் எழுதினார். அந்நூலில் பிள்ளையவர்களின் தோற்றம், பேச்சு, வறுமை, பாடம் சொல்லும் முறை யாவும் சொல்லால் ஆன படமாக நிற்கின்றன. 2012இல் தியாகராச விலாசம் இடிக்கப்பட்டபோது தமிழன்பர்கள் வருந்தியது முறையே. ஆயினும் பெசன்ட் நகரில் அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் ஏடுகள் இருக்கின்றன, சரித்திரமும் இருக்கிறது. செங்கல் செய்ய முடியாததை எழுத்து செய்திருக்கிறது.

பெயர் மட்டும் இருந்தால் போதுமா என்றும் கேட்க வேண்டும். தியாகராய நகரே ஒரு நினைவுச் சின்னம்தான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய இக்குடியிருப்புக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் வைக்கப்பட்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று திரும்பிய பக்கமெல்லாம் அக்கட்சியின் பெயர்கள். வாயில் வழங்கும்போதோ ஊர் டி.நகர் ஆனது, அங்காடி பாண்டி பஜார் ஆனது. தெருப்பெயர்களில் சாதிப் பின்னொட்டை நீக்குமாறு 1970களின் இறுதியில் அரசாணை வந்தபோது, 1919இல் இலண்டனில் மறைந்த டி.எம்.நாயரின் பெயர் தாங்கிய டாக்டர் நாயர் சாலை வெறும் டாக்டர் சாலையாக நின்ற வேடிக்கையும் நிகழ்ந்தது. ஆணையின் நோக்கம் நல்லதே. ஆனால் ஒரு பெயர் யாரைக் குறிக்கிறது என்று அறிந்தவர் இல்லையெனில், பலகை எழுதுபவர் எதையும் வெட்டலாம்.

பெசன்ட் நகர் கடற்கரைக்குச் செல்வோர் மணலில் நிற்கும் வெண்ணிற வளைவுச் சின்னத்தைக் கண்டிருப்பர். 1930 டிசம்பர் 30ஆம் நாள் கடலில் மூழ்கியவர்களைக் காக்கப் புகுந்து தாமே மூழ்கிய டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டுக்காக எழுப்பப்பட்டது அது. திரைப்படங்கள் பலவற்றில் காதலர் சந்திக்கும் இடமாக வந்திருக்கிறது. அதன் நிழலில் அமர்வோரில் எத்தனை பேர் கல்வெட்டைப் படித்திருப்பர்? மக்கள் வழக்கில் கார்ல் ஷ்மிட் என்கிறோம். காய் என்பதே அவர் பெயர் என்று கூறுவோரும் உண்டு. பிறர் உயிருக்காகத் தம் உயிரைத் தந்தவருக்குக் கல் எடுப்பது புலிமான்கோம்பைக் காலத்து மரபே. கல் நிற்கிறது, வாழ்த்து என்னும் ஆறாம் நிலையைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

தெருமுனைகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் முகம், பெயர், தோற்றம், மறைவு நான்கும் ஒருங்கே இருக்கின்றன. பதினாறாம் நாளுக்குப் பின் அதைக் கழற்றிவிடுகிறார்கள். இந்நான்கும் வீட்டுப் படத்தின் பின்புறத்தில் இருந்தால் நூறாண்டு இருக்கும். கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கில் சேரும் படங்களோ எடுத்த நாளையும் நேரத்தையும் தாமே குறித்துக்கொள்கின்றன. எவர் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே பழைய படங்களை அவர் முன் எடுத்து வையுங்கள். பேனாவின் மை ஊறி முன்பக்கம் கெடும். ஆதலால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பெண்களுக்கு உறவுமுறையோடு நிறுத்தாமல் அவர்களின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். மடியில் குழந்தையோடு இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லக்கூடியவர் நம்மில் சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறார்.