நம்பூர் மக்கள் பூசிய களிம்பு

வெய்யிற் களிம்பை நம்மவர்களில் பலரும் ஓர் அழகுசாதனப் பொருளாகவே எண்ணுகின்றனர். 30, 50 எனப் பொறிக்கப்பட்ட எண் பெரிதானால் பயனும் பெரிது என நம்புகின்றனர். செய்தியையும் விளம்பரத்தையும் பிரித்தறிவதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த எனக்கு, இந்த நம்பிக்கையின் வரலாற்றைத் தேடிப் பார்க்கும் ஆவல் எழுந்தது.

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்கள் உள்ளன என்பதை 1801 இல் ஜேர்மனியரான ரிட்டர் கண்டறிந்தார். இரசாயனவியலாளர் பிரான்ஸ் கிறைற்றர் 1946 இல் தமது களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பாதுகாப்புக் காரணி என்னும் எண் பரவியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவ்வெண் அளப்பது, தோல் சிவந்து எரிவதைக் களிம்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே. நாள்தோறும் பூசினால் புற்றுநோய் குறையுமா என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை.

அந்த விடையைத் தந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்ற சிற்றூரின் மக்கள். பேராசிரியர் அடேல் கிறீன் தலைமையில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில் 1621 பேர் பங்குகொண்டனர். சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் ஒவ்வொரு காலையும் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூசினர். ஏனையோர் தம் வழக்கப்படியே நடந்துகொண்டனர். பூசாதிருக்கும்படி எவரையும் கேட்பது அறமாகாது அல்லவா?

1999 இல் முடிவுகள் வெளிவந்தன. நாள்தோறும் பூசியோரிடம் செதிட்கலப் புற்றுக்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தன. அடித்தளக்கலப் புற்றில் வேறுபாடு தென்படவில்லை. கொடிய மெலனோமாவோ, பின்தொடர்ந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு பக்கம் 11 பேருக்கும் மறுபக்கம் 22 பேருக்கும் ஏற்பட்டிருந்தது. தோல் மூப்படைவதும் குறைந்தது என 2013 இல் அறிவித்தனர்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்கள் பூசிய களிம்பின் எண் 50 அன்று, 16 மட்டுமே. 30 என்ற களிம்பு எரிக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. இடைவெளி ஒரு சதவீதமே. அதுவும் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற தடிப்பில் பூசினால்தான். நம்மில் பெரும்பாலானோர் அதில் பாதியும் பூசுவதில்லை. ஆகவே நம்பூரில் வென்றது எண் அன்று, நாள் தவறாத வழக்கமே.

அம்மக்களிற் பெரும்பாலோர் வெண்ணிறத்தவர். நமது கருந்தோலுக்கு இயற்கையே ஓரளவு காப்பு அளித்துள்ளது. அவர்களுக்குள்ள ஆபத்து நமக்கு அதே அளவில் இல்லை. எனினும் வெய்யில் நம் தோலிலும் கரும்படைகளையும் சுருக்கங்களையும் உண்டாக்கும். வருந்தத்தக்கது யாதெனில், இக்களிம்பு நம்மவர்களிடம் வெண்மையாக்கும் வாக்குறுதியோடு சேர்த்தே விற்கப்படுகிறது. நம்பூர் மக்கள் நான்கரை ஆண்டுகள் பூசியது நிறம் மாறுவதற்காக அன்று. நமது நிறத்துக்கு மருந்து தேவையில்லை. வெய்யிலுக்குத்தான் காப்புத் தேவை.