இளையோர் போட்டி நீச்சல்: அமெரிக்கக் குழுக்களின் பயிற்சிப் படிநிலைகள்

அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் இயங்கும் நீச்சல் குழுக்கள், ஏறத்தாழ 6 முதல் 18 வயது வரையுள்ள உறுப்பினர்களைத் திறனுக்கேற்பப் பிரித்துப் பயிற்றும் அடுக்குமுறையே பயிற்சிப் படிநிலை எனப்படுகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்றோ, ஜூனியர், சீனியர், நேஷனல் என்றோ இந்த அடுக்குகளுக்குப் பெயரிடுவார்கள். பெயர்களுக்குப் பொது இலக்கணம் கிடையாது. ஒரு குழுவின் தங்கம் பக்கத்து ஊர்க் குழுவின் வெள்ளிக்குக் கீழே நிற்கலாம்.

பயிற்சிப் படிநிலையோடு வயதுப் பிரிவும் நேர அளவுகோலும் சேர்ந்தே பேசப்படுவதால், புதிதாக வரும் பெற்றோர் மூன்றையும் ஒன்றெனக் கருதிவிடுகிறார்கள். படிநிலையைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். வயதுப் பிரிவு பிறந்த நாளைப் பொறுத்தது. அளவுகோலைத் தொட்டாயிற்றா என்பதைக் கடிகாரம் சொல்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதால்தான் குளக்கரையில் இத்தனை மனத்தாங்கல்கள்.

சிறுவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் போட்டியிடச் செய்யும் முறை, அமெச்சூர் அத்லெடிக் யூனியன் அமைப்பின்கீழ் 1950களில் நாடெங்கும் பரவியது. அதற்காக உழைத்தவர்களில் செயின்ட் லூயிஸ் நகரின் கார்ல் பாயர் முதன்மையானவர். 1978-இல் இயற்றப்பட்ட அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி ஆட்சியமைப்பு வேண்டும் என்றது. நீச்சலுக்கு அப்படி அமைந்ததே கொலராடோ ஸ்பிரிங்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூஎஸ்ஏ ஸ்விம்மிங். போட்டி விதிகளையும் நேர அளவுகோல்களையும் அது வகுக்கிறது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நீந்த வேண்டும் என்பதைக் குழுக்களிடமே விட்டுவிட்டது.

கீழ்ப்படிக்கு வரும் குழந்தையிடம் பெரிதாக எதுவும் கேட்கப்படுவதில்லை. தண்ணீருக்கு அஞ்சாமல், 25 யார்டு குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஃப்ரீஸ்டைலிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் போய்ச் சேர்ந்தால் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரப் பயிற்சி. சுவரை உதைத்துக் கைகளைக் காதோடு ஒட்டி அம்புபோல் சறுக்குவது, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் மூச்சு வாங்குவது, முழங்காலை மிதமிஞ்சி மடக்காமல் காலடிப்பது என்று பாடம் போகும். பட்டர்ஃப்ளையும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் விதிப்படி அமையப் பெரும்பாலும் மேலும் ஓர் ஆண்டு பிடிக்கும். இவ்விரண்டிலும் சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை பிந்தினால் தகுதிநீக்கம். முதல் போட்டியில் அழுதுகொண்டே திரும்பும் எட்டு வயதுக்காரர் பலரை அழவைத்தது இந்த விதிதான்.

இடைப்படியில் பாடம் மாறுகிறது. குளத்தின் ஓரத்தில் பெரிய வினாடி முள்ளோடு நிற்கும் கடிகாரத்தைப் படிக்கத் தெரிந்தவரே இங்கே தாக்குப்பிடிக்க முடியும். '1:40-க்கு பத்து நூறு' என்று பயிற்சியாளர் சொன்னால், பத்து முறை 100 யார்டு நீந்த வேண்டும். ஒவ்வொன்றையும் முந்தையது தொடங்கியதிலிருந்து 1 நிமிடம் 40 வினாடியில் தொடங்க வேண்டும் என்று பொருள். 1:25-இல் முடிப்பவருக்கு 15 வினாடி ஓய்வு. 1:38-இல் முடிப்பவருக்கு இரண்டு மூச்சுதான். 1:45 எடுப்பவர் தன்னைத் தொடர்ந்து வருபவரின் வழியை மறிக்கிறார். அடுத்த புறப்பாடு 60-இலா, 40-இலா, 20-இலா என்று களைப்பிலும் மனக்கணக்குப் போட்டபடி நீந்துவது பத்து வயதுப் பிள்ளைக்குச் சிறிய வேலையல்ல. ஒரு லேனில் ஐந்தாறு பேர் வலப்பக்கம் ஒட்டிச் சுற்றி நீந்துகிறார்கள். எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடைவெளியைத் தாங்கினால்தான் லேன் ஓடும். படி உயர்வுக்கான உண்மையான அளவு பெரும்பாலும் இதுவே. ஒற்றை 50 யார்டில் மின்னலாகப் பாயும் பிள்ளையைக் கீழே நிறுத்திவிட்டு, பதக்கமே வாங்காத, ஆனால் பத்தாவது நூறையும் முதல் நூறைப் போலவே நீந்தும் பிள்ளையைப் பயிற்சியாளர் மேலே அனுப்புவது அதனால்தான்.

படி உயர்வு பொதுவாகப் பருவம் மாறும்போது நடக்கும்: செப்டம்பர் முதல் மார்ச் வரை யார்டு குளப் பருவம், அதன்பின் ஆகஸ்ட் வரை 50 மீட்டர் குளப் பருவம். வருகைப் பதிவு, கவனம், நால்வகை நீச்சலிலும் தேர்ச்சி எல்லாம் பார்க்கப்படும். வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு: மேல் குழுவின் லேனில் இடம் இருக்க வேண்டும்.

வயதுப் பிரிவுகள் 10 வயது வரையுள்ளோர், 11–12, 13–14, 15–16, 17–18 என அமைகின்றன. போட்டியின் முதல் நாளில் என்ன வயதோ அதுவே கணக்கு. மண்டல அளவிலான பருவ இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் மார்ச்சில் வருவதால், ஏப்ரலில் பிறந்த பத்து வயதுப் பிள்ளை தன் பிரிவில் மூத்தவராகவும், பிப்ரவரியில் பிறந்த அதே பள்ளி வகுப்புத் தோழர் மேல் பிரிவில் கடைக்குட்டியாகவும் நீந்த நேர்கிறது. பிறந்தநாளுக்கு மறுநாளே தரவரிசையின் உச்சியிலிருந்து அடிக்கு வந்துவிடும் இந்த அனுபவம் நீச்சல் வீட்டார் எல்லோருக்கும் பழக்கம்.

நேர அளவுகோல்கள் பி, பிபி, ஏ, ஏஏ, ஏஏஏ, ஏஏஏஏ என ஆறு. ஒலிம்பிக் சுழற்சியை ஒட்டி நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. இவற்றுக்கு மேலே மண்டலப் போட்டிகள், செக்‌ஷனல், ஃபியூச்சர்ஸ், ஜூனியர் நேஷனல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி நேரம் உண்டு. வினாடியின் நூறில் ஒரு பங்கைத் தேடிப் பெற்றோர் விலையுயர்ந்த போட்டி உடைகளை வாங்கிக் குவித்ததால், 12 வயது வரையுள்ளோர் அவற்றை அணிவதற்கு 2020 செப்டம்பர் முதல் உயர்மட்டப் போட்டிகள் தவிர மற்றவற்றில் தடை வந்தது. காலம் கடந்து வந்த நல்ல விதி.

உடல் வளர்ச்சி இந்தக் கணக்கையெல்லாம் குலைத்துவிடும். பன்னிரண்டு வயதிலேயே ஆள் உயரம் வளர்ந்துவிட்டவர் நுட்பமில்லாமலே வெல்வார். மற்றவர்கள் வளர்ந்ததும் பின்தங்குவார். உயரம் வேகமாக ஏறும் காலத்தை மையமாக வைத்துப் பயிற்சிக் கட்டங்களை வகுத்தவர், கனடாவில் பணியாற்றிய இஷ்ட்வான் பாயி. பிரிட்டன் முதலிய நாடுகளின் நீச்சல் அமைப்புகள் அவர் வகுத்த திட்டத்தை ஏற்றன. ஒவ்வொரு திறனுக்கும் குறித்த வயதில் ஒரு சாளரம் திறக்கும் என்ற அவரது கருத்துக்குப் போதிய சான்றில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் குறைகூறினர்.

மேல்படியில் வாரத்துக்கு ஆறு முதல் ஒன்பது பயிற்சிகள். சில நாள் விடியலில் பள்ளிக்கு முன்பும் மாலையிலும் இரு வேளை. தரைப் பயிற்சியும் சேரும். இந்தப் படிகளை வேகமாகத் தாண்டியவர்களும் உண்டு. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 7 வயதில் நீந்தத் தொடங்கி, 11 வயதில் நார்த் பால்டிமோர் அக்வாடிக் கிளப்பில் பயிற்சியாளர் பாப் போமனின் கைக்கு வந்து, 15 வயதில் சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஐந்தாம் இடம் பெற்றார். மறு ஆண்டு மார்ச்சில் அதே நீச்சலில் உலக சாதனை படைத்தபோது அவருக்கு 16 ஆகவில்லை. கேட்டி லெடெக்கி 6 வயதில் அக்கம்பக்கத்துக் குளங்களின் கோடைக்கால லீக்கில் தொடங்கியவர்; 15 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை 8:14.63-இல் வென்றார்.

இவ்விருவரின் வேகம் விதிவிலக்கு. சிறு வயதுத் தரவரிசையில் முன்னணியில் நின்றவர்களில் பலர் 17–18 பிரிவின் பட்டியலில் காணப்படுவதில்லை. பதின்ம வயதின் தொடக்கத்தில், பயிற்சி நேரம் இரட்டிப்பாகி நேரக் குறைப்பு நின்றுவிடும் கட்டத்தில், பலர் விலகிப் பள்ளி அணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோடையில் இவர்களில் சிலர் அக்கம்பக்கத்துக் குளத்தில் உயிர்காப்பாளராக நிற்பார்கள். லீக்கின் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் மூச்சு வாங்கச் சொல்லிக்கொடுப்பார்கள்.