சுரங்க நகரில் கலைமேடை: நெய்வேலி நகரியமும் அதன் நிகழ்த்துகலைகளும்

கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி எழுந்த நெய்வேலி நகரியத்தின் வரலாறு பெரும்பாலும் டன் கணக்கிலும் மெகாவாட் கணக்கிலுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் ஓர் ஊரின் மக்கள் மாலை நேரத்தில் எங்கே கூடினர், யாருடைய செலவில் எதைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்தனர், எந்த மேடையைத் தங்கள் மேடை என்று கருதினர் என்னும் கேள்விகளும் அவ்வூரின் வரலாற்றைச் சேர்ந்தவையே. கோயிலும் மிராசுதாரும் ஊர்ப்பொதுவும் கலையைப் புரந்து வந்த ஒரு நிலப்பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அரசுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று புரவலரின் இடத்தில் வந்து அமர்ந்தது. இந்த மாற்றத்தால் கலைக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்பதற்கு நெய்வேலியைப் போலத் தெளிவான சான்று தரும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்டதால் நடுநாடு என்று வழங்கப்பட்ட இப்பகுதி, 1993-ல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிக்கப்படும் வரை தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. முந்திரியும் பலாவும் விளையும் இந்தச் செம்மண் மேட்டு நிலத்தின் தலையாய நிகழ்த்துகலை தெருக்கூத்து. குறிப்பாகத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், பகலில் பாரதப் பிரசங்கியார் கதை சொல்ல, இரவில் அதே கதையைக் கூத்தர்கள் ஆடிக் காட்டும் பாரதக் கூத்து இங்கே ஊர்தோறும் வேரூன்றிய வழக்கமாகும். அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் நெடிய கம்பத்தின் மீது பாடிக்கொண்டே ஏறுவதும், படுகளத்தன்று களிமண்ணால் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தின் முன் போர் முடிவதும், அதன்பின் தீமிதி நடப்பதும் நாடகம் எது, வழிபாடு எது என்று பிரித்துச் சொல்ல இடம் தராதவை. இதற்கான செலவை ஊரார் வீட்டுக்கு வீடு வரி போட்டுத் திரட்டினர். கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகப் பொருள்.

கூத்துக்கு அச்சடித்த அழைப்பிதழ் தேவைப்படவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மத்தளம், தாளம், முகவீணை, ஹார்மோனியம் ஆகியவற்றைக் கொண்டு நெடுநேரம் வாசிக்கப்படும் 'களரி கட்டுதல்' என்னும் தொடக்கமே சுற்றுவட்டாரத்துக்கான அறிவிப்பாக அமைந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த ஒலியைக் கேட்டுப் பாயும் போர்வையுமாக வந்து சேர்வார்கள். அடுத்து, கோமாளியாகவும் கதை நடத்துபவனாகவும் இருக்கும் கட்டியங்காரன் வந்து சபையோரைச் சிரிக்க வைப்பான்; பிறகு இருவர் கையில் பிடித்த ஒரு துணித் திரைக்குப் பின்னால் நின்று, கிரீடமும் புயக்கட்டையும் அணிந்த வேடக்காரர் தம் வருகையைத் தாமே விருத்தமாகப் பாடித் திரை விலக வெளிப்படுவார். பின்பாட்டுக்காரர்கள் அடிகளை வாங்கிப் பாட, விடியும்வரை நீளும் இந்த ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டும் இல்லை, ஒதுக்கப்பட்ட இருக்கையும் இல்லை. ஆயினும் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் சாதியின் கோடு அழுத்தமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அக்காலத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

இத்தகைய நிலத்தில்தான் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் நீருடன் கருநிறத் துகள்கள் பொங்கி வந்ததைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார்; சுரங்கத்துக்காக 620 ஏக்கர் நிலத்தையும் அவர் பின்னர் கொடையாக அளித்தார். ஆய்வுத் துளைகள் பல ஆண்டுகள் இடப்பட்ட பின், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ஜெர்மன் எந்திரங்கள் மேல்மண்ணை வெட்டி முன்னேற, முன்னிருந்த சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. ஊர் இடம்பெயரும்போது வீடும் நிலமும் மட்டுமன்றி, கோயில் முற்றமும் அதைச் சார்ந்த கூத்துக்களமும் திருவிழாவுக்கு வரி தரும் ஊர்க்கூட்டும் கலைந்துபோகின்றன. இவற்றுக்கு இழப்பீட்டுக் கணக்கில் இடம் இருப்பதில்லை.

சுரங்கத்துக்கு அப்பால், வட்டம் என்று எண்ணிட்டு அழைக்கப்படும் பிளாக்குகளாகவும் மரங்கள் அணிவகுத்த நேர்ச்சாலைகளாகவும் நகரியம் கட்டப்பட்டது. தஞ்சை, திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம், வடமாநிலங்களிலிருந்தும் பொறியாளர்கள், எழுத்தர்கள், எந்திர இயக்குநர்கள் என வந்து குடியேறிய இம்மக்களுக்குப் பொதுவான குலதெய்வமும் இல்லை, பொதுவான திருவிழாவும் இல்லை. ஒருவர் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பதைப் பிறப்பைவிட வேலைத் தரமே முடிவு செய்தது. இவர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கு நிறுவனமே மன்றங்களையும் அரங்குகளையும் விளையாட்டுத் திடல்களையும் அமைக்க வேண்டியதாயிற்று. பதினொன்றாம் வட்டத்திலுள்ள லிக்னைட் ஹாலும் பாரதி விளையாட்டு அரங்கமும் இந்தத் தேவையின் விளைவுகளே. கூத்துக்களத்தில் ஊர் முதலில், மேடை பிறகு. நகரியத்தில் மேடையைக் கட்டி அதைக் கொண்டு ஊரை உருவாக்க முயன்றனர் எனலாம்.

புதிய மேடைக்கு ஏற்ற கலை வடிவமும் அப்போது தமிழ்நாட்டில் ஆயத்தமாக இருந்தது. சபா என்பது சந்தா செலுத்தும் உறுப்பினர்களைக் கொண்டு இசை, நாடக நிகழ்ச்சிகளை நடத்தும் சங்கம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபா, வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் ஓய்வு நேரத்தில் நடிக்கும் பயில்முறை நாடகத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த தொழில்முறைக் கம்பெனி நாடகம் மங்கிய பின், 1950-களிலும் 1960-களிலும் மேடையை நிரப்பியது இந்தப் பயில்முறை மரபே. 1952-ல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோ ராமசாமியின் விவேகா பைன் ஆர்ட்ஸ், கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிய கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் ஆகிய குழுக்களின் நாடகங்கள் மாதச் சம்பளக்காரரின் வீட்டையும் அலுவலகத்தையும் வாடகையையும் பதவி உயர்வையும் பேசியவை. இரண்டரை மணி நேரத்தில் முடிந்து, மறுநாள் காலைப் பணிக்குச் செல்ல இடம் தரும் இவ்வடிவம் சம்பளக்காரர் நகரியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்தியது.

ஆயினும் சுரங்கமும் மின் நிலையமும் இரவும் பகலும் மூன்று ஷிப்டுகளாக இயங்குபவை. மாலை ஷிப்டில் இருக்கும் தொழிலாளிக்கு ஏழு மணி நாடகமும் கச்சேரியும் எட்டாக்கனி. இரவு ஷிப்டுக்குச் செல்பவர் பாதியில் எழ வேண்டியவர். ஆகவே அரங்கக் கலையின் நிலையான பார்வையாளர் பொதுப் பணி நேர ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமே என்பது அதன் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. அனைவரும் கூடும் இடமாக அரங்கைவிடத் திருவிழாவே நீடித்தது. காவடிகள் திரளும் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரமும், அருகிலுள்ள வடலூரில் வள்ளலார் 1872-ல் அமைத்த சத்திய ஞான சபையின் தைப்பூச சோதி தரிசனமும் நகரியத்தாரையும் சுற்றுக் கிராமத்தாரையும் இன்றும் ஒன்றுசேர்ப்பவை. அரங்குக்கும் திருவிழாவுக்கும் இடைப்பட்ட வடிவமாக 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியைக் கருதலாம். லிக்னைட் ஹால் வளாகத்தில் ஜூலை மாதம் நடைபெற்று வந்த இதில், புத்தகக் கடைகளோடு எழுத்தாளருக்கும் பதிப்பகத்தாருக்கும் பாராட்டும், மாலைக் கலை நிகழ்ச்சியும் நாள்தோறும் இடம்பெற்றதால், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக் குடும்பமாகக் கிளம்பும் வழக்கம் நகரியத்துக்கு வெளியேயும் பரவியது.

இசையில் நகரியத்தின் பங்கு இன்னும் தெளிவானது. அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி எனக் கருநாடக இசைக் கலைஞர்களின் பெயருக்கு முன் நிற்கும் ஊர்கள் பெரும்பாலும் பழைய சிற்றூர்கள்; கோயிலும் அக்ரகாரமும் இசை வேளாளர் தெருவும் அவற்றின் இசைக்கு அடித்தளம். அந்த வரிசையில், ஆலைச் சங்கால் நேரம் அறிந்த ஓர் ஊர் சேர்ந்தது நெய்வேலி சந்தானகோபாலன் வழியாகத்தான். பாடகராகவும் ஆசிரியராகவும் புகழ்பெற்ற அவருக்குச் சென்னை மியூசிக் அகாதமி தன் உயரிய விருதான சங்கீத கலாநிதியை வழங்கியது. மிருதங்கக் கலைஞர் நெய்வேலி வெங்கடேஷும் வயலின் கலைஞர் நெய்வேலி ராதாகிருஷ்ணனும் ஊர்ப்பெயரை மேடைக்குக் கொண்டு சென்றவர்களே. இடம் மாறி வந்த சம்பளக் குடும்பங்கள் கூடவே பாட்டு வகுப்பையும் கொண்டு வந்ததும், 1929 முதல் இசைக்கல்வி அளித்து வரும் சிதம்பரம் அண்ணாமலை நகர் அருகிலிருந்ததும் இதற்கு ஏற்ற சூழலாயின. 1940-களின் தமிழிசை இயக்கம் புறப்பட்டதும் அதே அண்ணாமலை நகரிலிருந்துதான்.

நகரியத்துக்கு வெளியே கூத்து அழிந்துவிடவில்லை. ஆனால் நகரியம் உண்டாக்கிய மின்சாரமே அதை மாற்றியது. தீவட்டியிலும் பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் ஆடிய கூத்தில், ஒளி எட்டும் தூரமே மேடையின் எல்லையாக இருந்தது. அரிதாரத்தின் அடர்ந்த நிறங்களும் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளும் அந்த மங்கிய ஒளியில் மின்னுவதற்காகவே அமைந்தவை. குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தபின், களம் முழுவதும் சுற்றி ஆடியவர் மைக்கின் முன் நின்று பாட வேண்டியவரானார். அடவுகள் சுருங்கின, குரல் முன்னுக்கு வந்தது. மறுபுறம், 1970-களில் நாடகாசிரியர் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு எழுதிய கட்டுரைகளும், 1977-ல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவும் படித்த நகரத்தாரின் பார்வையைக் கூத்தின் பக்கம் திருப்பின. இதே வடதமிழகத்துக் கலை, சென்னையின் அரங்கங்களிலும் வெளிநாட்டு விழாக்களிலும் ஆடப்பட்டது.

சுரங்க ஊர்களின் கலை வரலாற்றில் நெய்வேலிக்கு ஒப்பிடத் தக்கவை பிரிட்டனில் உள்ளன. தெற்கு வேல்ஸின் ட்ரியோர்க்கி ஊரில் உள்ள பார்க் அண்ட் டேர் அரங்கம், சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்கு ஒரு பென்னி வீதம் கொடுத்துக் கட்டியது. நூலகமும் நாடக மேடையும் கொண்ட அது, நிலக்கரித் தொழில் ஒழிந்த பின்னும் அரங்கமாகவே இயங்குகிறது. யார்க்ஷயரில் 1917-ல் தோன்றிய கிரைம்தார்ப் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு, 1993-ல் சுரங்கம் மூடப்பட்ட பின்பும் கலையாமல் வாசித்து வருகிறது. இவ்விரு இடங்களிலும் கலை அமைப்பு தொழிலாளர் கையில் இருந்ததால் அது தொழிலைக் கடந்து வாழ்ந்தது. நெய்வேலியிலோ அரங்கைக் கட்டியதும் பேணுவதும் நிகழ்ச்சிக்குப் பணம் தருவதும் நிறுவனமே. உறுப்பினர் சந்தாவோ ஊர்வரியோ அதன் ஆதாரம் அன்று. வேல்ஸ் தொழிலாளியும் தீமிதித் திருவிழாவுக்கு வரி கொடுத்த நடுநாட்டு உழவரும் இந்த ஒன்றில் ஒரே வகையினர்: பார்த்ததற்கு அவர்களே பணம் கொடுத்தார்கள், அதனால் எது நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருந்தது.

மேடை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. நிறுவனமும் 2016 முதல் என்எல்சி இந்தியா என்னும் பெயரில் நெய்வேலிக்கு வெளியே பல மாநிலங்களில் தொழில் நடத்துகிறது. பூமிக்கடியில் உள்ள படிவம் என்றேனும் தீரக்கூடியது. பல மொழியினரை ஒரே அவையில் உட்கார வைத்ததும், தலைமுறை ஒன்றுக்கு இசையும் நாடகமும் எட்டும் தூரத்தில் கிடைக்கச் செய்ததும், களத்தில் இருந்த சாதிக் கோட்டைப் பெருமளவு அழித்ததும் நகரிய மேடையின் சாதனைகள். நிலம் கொடுத்த ஊர்களின் கூத்தைத் தன் நிகழ்ச்சி நிரலில் விருந்தாளியாக அன்றி உரிமையாளராகச் சேர்க்காததும், மேடையின் பொறுப்பை மக்களிடம் பகிராததும் அதன் குறைகள். நகரிய அரங்கின் ஆண்டு நிரலில் சுற்றுவட்டாரக் கூத்துக் குழுக்களுக்கு நிலையான இரவுகளை ஒதுக்குவதும், நகரியத்தாரும் கிராமத்தாரும் சேர்ந்த ஒரு குழுவிடம் அந்த நிரலை ஒப்படைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. நிலக்கரி இருக்கும்போதே அவற்றைச் செய்துவிட வேண்டும்.